மலையகத்தில் வீட்டுப் பட்டறைக்கு எயார் லைன் போடுதல்: முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று எங்கே போனாலும் வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைகளைப் பார்க்கலாம். ஒருவர் த்ரீவீல் பழுது பார்ப்பார், ஒருவர் பஞ்சர் ஒட்டுவார், இன்னொருவர் கட்டில் அலுமாரி செய்து பெயின்ட் அடிப்பார். காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசர் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் ஒரே ஒரு நீள ஹோஸில்தான் போகிறது. தரையில் கிடக்கும் அந்த ஹோஸை ஆட்கள் மிதிக்கிறார்கள், டயர் ஏறி இறங்குகிறது, ஸ்ப்ரே கன்னில் தண்ணீர் துப்புகிறது.

சுவரோடு நிரந்தரமாக ஒரு பைப் லைன் போட்டு, வேலை நடக்கும் இடத்துக்கெல்லாம் ஒரு வாய் இறக்கிக்கொண்டால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் தீரும். வேலை கஷ்டமில்லை. பைப் ரெஞ்ச் பிடிக்கத் தெரிந்த இருவர் சேர்ந்தால் போதும். ஆனால் கொழும்பில் போடுகிற மாதிரி இங்கே போட்டால் சரிவராது. இங்கே குளிர், மூடுபனி, உயரம் மூன்றும் லைனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மலையகத்து எயார் லைனில் பாதி வேலை காற்றைக் கொண்டுபோவது, மறுபாதி தண்ணீரை வழியிலேயே இறக்கிவிடுவது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த மறுபாதியை மனதில் வைத்தே எழுதியது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஹட்டனில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 20 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 14 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரசர் அதை 8 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அமுக்கும்போது காற்றின் கனவளவு பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. சுருங்கிய அந்த இடத்தில், காற்று மறுபடி 20 பாகைக்கு ஆறிய பிறகு, 2 கிராமுக்கும் குறைவான நீராவிதான் தங்க முடியும். மீதி 12 கிராம் தண்ணீராகியே தீரும். நிமிடத்துக்கு 150 லீட்டர் காற்றை உள்ளிழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 100 மில்லிலீட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், பனி கதவு வழியாகவே உள்ளே வரும் நாட்களில், இன்னும் கூடும்.

இந்தத் தண்ணீர் முழுவதும் டாங்கிலேயே இறங்கிவிட்டால் கவலையில்லை. ஆனால் வேலை மும்முரமாக நடக்கும்போது டாங்கும் சூடாகத்தான் இருக்கும். சூடான காற்று நீராவியைச் சுமந்துகொண்டே பைப்புக்குள் போகிறது. போகிற வழியில் எங்கே குளிர்ந்த சுவர் வருகிறதோ அங்கே தண்ணீராகிறது. வழியில் எங்குமே ஆறவில்லையென்றால் ஸ்ப்ரே கன்னின் வாயில் ஆறும்.

இதிலேயே நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. சூடான ஊர்களில் காற்றை ஆற வைக்கத் தனி இயந்திரம் வாங்குகிறார்கள். நமக்குச் சுவரே குளிர்கிறது. மண்மேட்டைத் தாங்கி நிற்கும் பின்சுவர், வெயிலே படாத பக்கத்துச் சுவர் என்று பட்டறையில் மிகக் குளிர்ந்த சுவர் எது என்று பாருங்கள். கம்ப்ரசரை விட்டு வெளியே வரும் பைப் முதலில் அந்தச் சுவரில் ஓட வேண்டும். தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும். அப்புறம் வேலை செய்யும் பக்கத்துக்கு வரும்போது காற்று சற்றுச் சூடாகுமே தவிர ஆறாது. சூடாகும் காற்றில் தண்ணீர் இறங்காது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். சூடான பக்கத்தில் பைப்பைத் தொடங்கி, குளிர்ந்த மூலையில் கொண்டுபோய் ஸ்ப்ரே வாயை வைத்துவிடுகிறார்கள்.

உயரத்தின் கணக்கு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட 20 சதவீதம் குறைவு. 1,270 மீட்டர் உயரத்திலுள்ள ஹட்டனில் 14 சதவீதம் குறைவு. கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அந்தக் காற்று மெலிந்தது. ஆகவே டாங்க் நிரம்ப நேரம் கூட எடுக்கும். கொழும்பில் ஒரு சாண்டரை (மரம், பெயின்ட் தேய்க்கும் கருவி) இழுத்துக்கொண்டிருந்த கம்ப்ரசர் இங்கே மூச்சு வாங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் லீட்டர் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

எந்தக் கருவிக்கு எவ்வளவு காற்று தேவை என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். டயருக்குக் காற்று அடிப்பதும் ஆணி அடிக்கும் கன்னும் மிகக் குறைவாகவே கேட்கும். நட்டுக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச் விட்டுவிட்டு வேலை செய்வதால் சராசரியாக நிமிடத்துக்கு 110 முதல் 140 லீட்டர் வரை போதும். ஸ்ப்ரே கன் 200 முதல் 400 வரை கேட்கலாம். காற்றில் ஓடும் சாண்டர், கிரைண்டர் நிறுத்தாமல் குடிக்கும், 230 முதல் 340 வரை. ஒரு குதிரை வலுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 லீட்டர் என்பது பொதுவான கணக்கு. 2 குதிரை வலு கம்ப்ரசர் வைத்திருப்பவர் சாண்டர் வேலையைக் கரண்டில் ஓடும் சாண்டருக்கு விட்டுவிடுவதே நல்லது.

பிவிசி பைப் வேண்டவே வேண்டாம்

தண்ணீருக்குப் போடும் பிவிசி பைப் மலிவு, ஒட்டுவதும் எளிது, மீதித் துண்டுகள் வீட்டிலேயே கிடக்கும். மேலே 1000 என்று அச்சிட்டிருக்கும். அது 1000 கிலோ பாஸ்கல், அதாவது 10 பார். "நமக்கு 8 பார்தானே, தாங்கும்" என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எண் தண்ணீருக்கானது. தண்ணீர் அமுங்காது, அதனால் பைப் வெடித்தாலும் கொஞ்சம் சிதறி நின்றுவிடும். அமுங்கிய காற்றோ சேர்த்து வைத்த சக்தி முழுவதையும் ஒரு நொடியில் வெளியே தள்ளும். பிவிசி நெளிந்து கிழிகிற பொருள் இல்லை, கூரான துண்டுகளாகச் சிதறுகிற பொருள். பழையதாகும்போதும் குளிரிலும் அது இன்னும் நொறுங்கும் தன்மையை அடையும். கம்ப்ரசர் பக்கத்துச் சூட்டில் பலம் இழக்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988ஆம் ஆண்டிலேயே, தரைக்கு மேலே போடும் காற்று லைனுக்குப் பிவிசி கூடாது என்று எச்சரிக்கை வெளியிட்டது.

பட்டறைக்குள் பிள்ளைகள் வந்து போகிற வீடுகள் நம்முடையவை. ஏற்கெனவே பிவிசியில் லைன் போட்டிருந்தால், பல வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவைக்காமல் கழற்றிவிடுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரையும் சமையல் காஸ் சிலிண்டரையும் இணைத்துக் கம்ப்ரசர் செய்கிற பழக்கம் இருக்கிறது. அதில் ஒழுங்கான சேஃப்டி வால்வோ அடியில் தண்ணீர் திறக்கும் வாயோ பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் அடியில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட டாங்கில் நிரந்தர லைனைப் பூட்டாதீர்கள்.

எந்தப் பைப்

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது ஜிஐ பைப், அதாவது நாகம் பூசிய இரும்புப் பைப். எந்த டவுன் ஹாட்வெயாரிலும் 20 அடி நீளத்தில் இருக்கும். மரை வெட்டித் தருகிற கடைகளும் உண்டு. தாங்கும் பலம் தாராளம். குறை என்னவென்றால், காலப்போக்கில் உள்ளே துரு வரும், நாகப்பூச்சு சில இடங்களில் செதிலாக உரியும். ஒவ்வொரு வாயிலும் ஒரு ஃபில்டர் வைத்துவிட்டால் இது பெரிய குறையில்லை. வீட்டுப் பட்டறைக்கு என் தேர்வு இதுதான்.

செப்புப் பைப் அருமையானது. துருப்பிடிக்காது, சூட்டை வேகமாக வெளியே விடுவதால் காற்றும் விரைவில் ஆறும். விலைதான் கையைக் கடிக்கும். ஃப்ரிட்ஜ், ஏசி வேலை செய்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், முதல் சில மீட்டரை மட்டும் செப்பில் போட்டு, மீதியை ஜிஐயில் தொடரலாம்.

சுடு தண்ணீருக்குப் போடும் பச்சை பிபிஆர் பிளாஸ்டிக் பைப்பையும் சிலர் போடுகிறார்கள். அமுக்கக் காற்றுக்கு ஏற்றது என்று அதைத் தயாரித்தவரே எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் யோசியுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது.

பட்டறை ஓர் அறை அளவுதான், வாய் ஒன்றோ இரண்டோ போதும் என்றால் பைப்பே வேண்டியதில்லை. 20 பார் தாங்கும் நல்ல ரப்பர் ஹோஸை ரீலில் சுற்றிக் கூரைச் சட்டத்தில் மாட்டி, கீழே ஒரு ஃபில்டர் வையுங்கள். வேலை முடிந்தது.

அளவைப் பொறுத்தவரை பிரதான லைனுக்கு முக்கால் அங்குலம், கீழே இறங்கும் கிளைகளுக்கு அரை அங்குலம். 2 குதிரை வலு கம்ப்ரசருக்கு, 15 மீட்டர் லைனுக்கு, அரை அங்குலமே காற்றைக் கொண்டுபோய்விடும். ஆனாலும் முக்கால் போடச் சொல்வதற்குக் காரணம், அகலமான பைப்பில் காற்று மெதுவாக நகரும். மெதுவாக நகரும் காற்று நன்றாக ஆறும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஓடாது.

கம்ப்ரசரை எங்கே வைப்பது

காற்றோட்டம் உள்ள, மழை படாத, பெயின்ட் புகையும் மரத்தூளும் வராத இடம் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் தகரம் அடித்து, ஒரு பக்கம் கம்பி வலை போட்ட சின்னக் கொட்டில் நன்றாக இருக்கும். அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் வையுங்கள்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அந்தச் சுவரில் கம்ப்ரசரைச் சாய்த்தாலோ பைப்பை இறுக்கி அடித்தாலோ அதிர்வு முழுவதும் அடுத்த வீட்டுக்குப் போகும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர்கள் அங்கே தூங்குகிறார்கள். பொதுச் சுவரைத் தொடாமல் லைனைத் திட்டமிடுங்கள். தனி வீடும் 7 பேர்ச் காணியும் கிடைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் ஒருநாள் இடம் மாற வேண்டி வரலாம் என்று நினைப்பவர்கள், பைப்பைச் சுவரில் நேரடியாக அடிக்காமல் மரச் சட்டத்தில் பூட்டி, சட்டத்தைச் சுவரில் பொருத்துங்கள். கழற்றிக்கொண்டு போக வசதி.

கரண்ட் விஷயத்தில் ஒரே ஒரு விதியைச் சொல்வேன்: தூரத்தைக் காற்றால் கடக்க வேண்டும், வயரால் கடக்கக் கூடாது. 2 குதிரை வலு மோட்டார் ஓடும்போது 9 அம்பியர் அளவு இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போலப் பல மடங்கு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் முனகிக்கொண்டு நின்று, கெபாசிட்டர் போய்விடும். லைன் கடைசியில் உள்ள தோட்டங்களில் மாலை நேரத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு. கம்ப்ரசரை மீட்டர் போர்டுக்கு அருகில் வைத்து, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி பிரேக்கர், எர்த், ட்ரிப் சுவிட்ச் எல்லாம் போட்டுவிட்டு, நீளத்தைப் பைப்பில் சமாளியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால், குளிரில் எண்ணெய் இறுகியிருப்பதும் காரணமாக இருக்கலாம். கம்ப்ரசர் புத்தகத்தில் குளிர் இடத்துக்கு என்று குறிப்பிட்டுள்ள மெல்லிய ரக எண்ணெயைப் பாருங்கள்.

வரைபடமும் சாமான்களும்

ஒரு தாளில் பட்டறையை மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். கம்ப்ரசர், குளிர்ந்த சுவர், வேலை மேசை, வண்டி நிற்கும் இடம், பெயின்ட் மூலை எல்லாவற்றையும் குறியுங்கள். பைப் குளிர்ந்த சுவரில் தொடங்கி, சுற்றி வந்து, பெயின்ட் மூலையில் முடிய வேண்டும். பெயின்டுக்குத்தான் மிக உலர்ந்த காற்று தேவை, ஆகவே அது கம்ப்ரசரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. கம்ப்ரசருக்கும் முதல் ஃபில்டருக்கும் இடையில் குறைந்தது 7 அல்லது 8 மீட்டர் பைப் இருக்கட்டும். பட்டறை சின்னதாக இருந்தால் குளிர்ந்த சுவரிலேயே பைப்பை மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை வளைத்து நீளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கீழ் வளைவிலும் தண்ணீரைத் திறந்துவிடும் ஒரு ட்ரெயின் வால்வு வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்து எல்போ (வளைவு), டீ (மூன்று வாய் இணைப்பு), நிப்பிள் (இரு முனையிலும் மரையுள்ள சிறு துண்டு), சாக்கெட், ரெடியூசர், பிளக் ஆகியவற்றை எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். யூனியனை மறக்காதீர்கள். மரை போட்ட பைப்பை நடுவில் கழற்ற முடியாது, யூனியன் இருந்தால்தான் ஒரு துண்டை மட்டும் எடுக்கலாம். நேர் ஓட்டத்தில் 6 மீட்டருக்கு ஒன்றும், ஒவ்வொரு கிளைக்கும் ஒன்றும் வையுங்கள். வால்வு எல்லாம் பால் வால்வாகவே (உள்ளே குண்டு சுழலும் வகை) இருக்கட்டும். கேட் வால்வு காற்றைக் கசிய விடும்.

மரையில் ஒரு கவனம். இங்கே விற்கும் ஜிஐ சாமான்கள் பிரிட்டிஷ் மரை. இணையத்தில் வாங்கும் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைக்கும் கருவி), கன், கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு) சில அமெரிக்க மரையில் வரும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும், ஆனால் மரையின் கோணம் வேறு, ஒன்று 55 பாகை, மற்றது 60. கால் அங்குலத்தில் ஒன்று 19, மற்றது 18. இரண்டு சுற்று ஏறி இறுகும், இறுகிவிட்டது என்று விடுவோம், கசிந்துகொண்டே இருக்கும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். க்விக் கப்ளரிலும் ஜப்பான், ஐரோப்பிய, அமெரிக்க வடிவங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு வகையைத் தேர்ந்து பட்டறை முழுக்க அதையே போடுங்கள்.

பைப்பைப் பொருத்துதல்

வெட்டிய ஒவ்வொரு துண்டின் வாயிலும் உள்பக்கம் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். அப்புறம் பைப்பை நிமிர்த்திப் பிடித்துச் சுத்தியலால் தட்டுங்கள். மரை வெட்டிய தூளும் எண்ணெயும் கொட்டும். ஒரு துணியைக் கம்பியில் கட்டி உள்ளே இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. இதைச் செய்யாவிட்டால் அந்தத் தூள் அத்தனையும் முதல் நாளே ஃபில்டரில் வந்து நிற்கும்.

அடுத்தது சரிவு. பிரதான லைன் காற்று போகும் திசையில் 100க்கு 1 என்ற கணக்கில் இறங்க வேண்டும், அதாவது 6 மீட்டர் ஓட்டத்துக்கு 6 சென்டிமீட்டர். மலையில் தரை, கூரை, பழைய சுவர் எதுவும் மட்டமாக இருக்காது, அவற்றை நம்பி அளக்காதீர்கள். மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் லெவலை எடுத்து இரண்டு முனையிலும் மட்டம் குறித்து, கடைசி முனையில் 6 சென்டிமீட்டர் கீழே இறக்கி, நூல் கட்டி, நூலின்மேல் கிளாம்ப் இடங்களைக் குறியுங்கள். நடுவில் எங்கும் பைப் தொய்யக் கூடாது, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். 2 மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வையுங்கள்.

பழைய லயங்களின் சுவர் கருங்கல். கல்லுக்கிடையில் உள்ள சாந்து ஆணியையோ பிளக்கையோ பிடிக்காது. கல்லிலேயே துளை போட்டு ஆங்கர் போல்ட் இறக்குங்கள், அல்லது மேலே சொன்ன மரச் சட்டத்தைக் கூரை தாங்கும் தூண்களோடு பிடியுங்கள். பைப்புக்கும் சுவருக்கும் இடையில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால்தான் ரெஞ்ச் சுற்றும். தகரக் கூரைக்கு ஒட்டிய உயரத்தில் போட வேண்டாம். பகலில் அங்கே சூடு, இரவில் தகரத்தின் அடியில் பனி கோத்துப் பைப்பின் மேலே சொட்டும்.

டாங்கின் வாயில் முதலில் ஒரு பால் வால்வு. அதிலிருந்து 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை, 20 பார் தாங்கும் ரப்பர் ஹோஸ். இது கட்டாயம். கம்ப்ரசரின் அதிர்வு நேரடியாகப் பைப்பில் ஏறினால் மரை இணைப்புகள் ஒவ்வொன்றாக இளகும். ஹோஸ் சுவரில் சேரும் இடத்தில் ஒரு டீ. டீயின் மேல்வாயிலிருந்து பைப் மேலே ஏறும். கீழ்வாயில் ஒரு சாண் நீளத் துண்டும் ட்ரெயின் வால்வும். மேலே ஏறும் பைப்பில் ஆறுகிற தண்ணீர் திரும்பி வழிந்து இந்தத் துண்டில் சேரும். மேலே போனதும் பிரதான லைன் சரிவாக ஓடி, கடைசி முனையில் இன்னொரு இறக்கமும் ட்ரெயின் வால்வுமாக முடியும்.

இனி கிளைகள். எல்லாப் படியிலும் மிக முக்கியமானது இதுதான், இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பிரதான லைனில் உள்ள டீயின் வாய் கீழே பார்க்கக் கூடாது. பைப்பின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், வாய் கீழே பார்த்தால் அத்தனையும் அதில் விழும். டீயை மேல்நோக்கித் திருப்பி, ஒரு சிறு நிப்பிள், இரண்டு எல்போ போட்டு, கைத்தடியின் பிடி போல வளைத்துப் பிறகு கீழே இறக்குங்கள். காற்று மேலிருந்து எடுபடும், தண்ணீர் பைப்பின் அடியில் ஓடி ட்ரெயினுக்குப் போய்விடும்.

கிளை தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்துக்கு வரும்போது ஒரு டீ. அதன் பக்கவாயில்தான் ஃபில்டரும் கப்ளரும். நேர்கீழ் வாயில் இன்னொரு சாண் துண்டு, அடியில் ட்ரெயின் வால்வு. தப்பி வந்த தண்ணீர் நேராகக் கீழே போகும், காற்று பக்கத்தில் திரும்பும்.

இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் டேப் சுற்றும்போது மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் ஐந்தாறு சுற்று, முதல் மரையை வெறுமையாக விட்டுச் சுற்றுங்கள். முதல் மரையில் டேப் இருந்தால் அது கிழிந்து உள்ளே போய் ரெகுலேட்டரை அடைக்கும். பழைய முறையில் சணலும் பேஸ்டும் வைப்பதும் நன்றாகவே நிற்கும். எதை வைத்தாலும், இறுக்கிய பிறகு எல்போவின் முகம் சரியில்லை என்று பின்னால் திருப்பாதீர்கள். கழற்றி, புதிதாகச் சுற்றி, மறுபடி போடுங்கள்.

ஃபில்டர், ரெகுலேட்டர், பெயின்ட் மூலை

சாதாரண வாய்களுக்கு 5 மைக்ரான் ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்து வரும் ஒன்று போதும். டயர் வாய்க்கு ஃபில்டர் மட்டும் இருந்தாலும் சரி.

பெயின்ட் வாய்க்கு வரிசை முக்கியம்: முதலில் ஃபில்டர், அடுத்து ரெகுலேட்டர், கடைசியில் சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தி. ரெகுலேட்டர் வெறும் அழுத்தத்தை மட்டும் குறைப்பதில்லை. லைனில் 8 பாரில், ஈரம் நிறைந்து, 100 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்றை 3 பாருக்கு இறக்கும்போது, அது விரிந்து ஈரப்பதம் 44 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. செலவில்லாமல் கிடைக்கும் உலர்த்தல் இது. அதனால் லைனில் எப்போதும் உயர் அழுத்தத்தை வைத்து, வாயில் வந்துதான் குறைக்க வேண்டும். கம்ப்ரசர் பக்கத்திலேயே ரெகுலேட்டரைத் திருகிக் குறைத்துவிட்டால் இந்த நன்மை போய்விடும்: அமுக்கம் குறைந்த காற்று நீராவியை அதிகம் சுமக்கும், ஆறுகிற சுவரில் தண்ணீர் குறைவாகவே இறங்கும்.

ஃபில்டரின் கண்ணாடி போன்ற கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட். தின்னர் பட்டால், ஏன் தின்னர் ஆவி தொடர்ந்து பட்டாலே, அது மெல்ல வெடிப்பு விட்டு ஒருநாள் சிதறும். பெயின்ட் மூலையில் உலோகக் கிண்ணம் அல்லது உலோகக் கவசம் உள்ளதை வாங்குங்கள். கிண்ணத்தைத் தின்னரால் துடைக்கவே கூடாது, சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இம்பாக்ட் ரெஞ்சுக்கு எண்ணெய் தேவை. அதற்காக லைனில் எண்ணெய் விடும் கருவி பூட்டினால் அந்தக் கிளையோடு நிறுத்துங்கள், அதன் ஹோஸையும் பெயின்டுக்கு எடுக்காதீர்கள். ஒரு துளி எண்ணெய் போதும், பெயின்ட் மீன்கண் மாதிரி விலகி நிற்கும். ரெஞ்சின் வாயில் வேலைக்கு முன் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வதே வீட்டுப் பட்டறைக்குச் சுலபம்.

சோதனை

முதல் சோதனையைத் தண்ணீரில் செய்வதே பாதுகாப்பு. கம்ப்ரசர், ஹோஸ், ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றி, வாய்களைப் பிளக்கால் அடைத்து, பைப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை உயரமான வாய் வழியாக வெளியேற்றுங்கள். பிளம்பர்மாரிடம் இருக்கும் கைப் பம்பை இரவல் வாங்கி 12 பார் வரை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். கசியும் இடம் ஈரமாகத் தெரியும். பிறகு ட்ரெயின் எல்லாவற்றையும் திறந்து தண்ணீரை இறக்கி, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதிக் காய வையுங்கள்.

கைப் பம்ப் கிடைக்கவில்லையென்றால் காற்றிலேயே சோதிக்கலாம், ஆனால் படிப்படியாக. கண்ணாடி அணிந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, 2 பாரில் நிறுத்தி எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அப்புறம் 4, 6, 8. கசிவை இறுக்கும் முன் ஒவ்வொரு முறையும் லைனில் உள்ள காற்றை முழுவதும் இறக்க வேண்டும். காற்று இருக்கும்போது மரையில் ரெஞ்ச் வைக்காதீர்கள்.

கடைசியில், டாங்க் வால்வை மூடிவிட்டு லைனை 8 பாரில் விட்டுக் கேஜைப் பாருங்கள். இங்கே குளிர் நம்மைக் குழப்பும். பகல் 25 பாகையில் 8 பார் ஏற்றிவிட்டு விடியற்காலை 10 பாகையில் பார்த்தால், கசிவே இல்லாவிட்டாலும் கேஜ் 0.45 பார் அளவு இறங்கியிருக்கும். குளிரில் காற்று சுருங்குவதுதான் காரணம். ஆகவே ஒரே வெப்பநிலை உள்ள நேரங்களில், மாலைக்கு அடுத்த மாலை என்று, ஒப்பிடுங்கள். சின்னக் கசிவுதானே என்று விடாதீர்கள். 7 பாரில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை நிமிடத்துக்கு 60, 70 லீட்டர் காற்றை விழுங்கும். சின்னக் கம்ப்ரசரின் உழைப்பில் பாதி அதிலேயே போகும்.

ஓட ஆரம்பித்த பிறகு

வேலை முடிந்ததும் கம்ப்ரசரை நிறுத்தி, டாங்க் வால்வை மூடுங்கள். இரவில் ஒரு ஹோஸ் கழன்றாலும் டாங்க் காலியாகி மோட்டார் விடிய விடிய ஓடாது. டாங்கின் அடி வாயைத் தினமும் திறந்து தண்ணீரை இறக்குங்கள். லைனில் உள்ள ட்ரெயின்களைக் காலையில் வேலை தொடங்கும் முன் திறப்பது நல்லது, இரவுக் குளிரில் மிச்சமிருந்த ஈரமும் இறங்கியிருக்கும். வால்வை மெல்லத் திறவுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

இறங்கும் தண்ணீரில் கம்ப்ரசர் எண்ணெயும் கலந்து பால் போல இருக்கும். அதைக் கானில் விடாதீர்கள். நம் கான் எல்லாம் ஓடையில் போய்ச் சேர்கிறது, ஓடையில் கீழே யாரோ தண்ணீர் எடுக்கிறார்கள். ட்ரெயின் வாய்க்குக் கீழே வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கட்டிச் சேர்த்து, கராஜில் கழிவெண்ணெய் சேகரிக்கும் பீப்பாயில் ஊற்றுங்கள்.

மாதம் ஒரு முறை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள், காற்று சீறி வெளியேறி, விட்டதும் மூடிக்கொள்ள வேண்டும். அப்படி நடக்காவிட்டால் புதியது போடும்வரை கம்ப்ரசரை ஓட்டாதீர்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் 120 பாகைச் சூட்டில் காய வைத்தால் மறுபடி பயன்படும். பனிக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டி வரும்.

ஊதும் கன்னை யாருடைய உடம்பிலும், உடுப்பிலும் வைத்து அடிக்கக் கூடாது. தோலில் சிறு காயம் இருந்தாலும் அதன் வழியே காற்று இரத்தத்தில் ஏறி உயிரையே எடுத்துவிடலாம். மரத்தூளைத் தட்ட ஊதும் கன் வாயில் 2 பாருக்கு மேல் தேவையில்லை. அந்த வாய்க்கு ஒரு தனி ரெகுலேட்டர் போட்டு 2 பாரில் நிறுத்தி, திருகைப் பூட்டிவிடுங்கள்.